ரத்தக் குழாய்க்கும் காது உண்டு

நமது வட்டாரக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காகவும், குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதற்காகவும் இங்கே தருகிறோம்.



நான் மைக்கைப் பிடித்தாலே தவணை பாக்கி பற்றித்தான் பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அதை மதியத்துக்கு மேல் பேசுவோம். இப்போது ஒரு மணி நேரம் உடம்பைப் பற்றிப் பேசப் போறேன். நான் டாக்டர் இல்லை. சமூகப்பணி படித்தவள். டாக்டர்களிடமும் நர்ஸ் அக்காக்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்றேன். அதனால் நான் சொல்வதைக் கேட்டு யாரும் மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம்.

ஏன் இந்த விஷயம்? போன மாதம் குழுக்களுக்குப் போனபோது மூன்று குழுக்களில் ஒரே பேச்சைக் கேட்டேன். "பிரஷர் மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தேன். இப்ப உடம்பு நல்லா இருக்கு. அதான் நிறுத்திட்டேன்." இதைக் கேட்டதும் எனக்கு 2019-இல் நடந்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது.

அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு?

நம் குழு ஒன்றில் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். "என் பேரைச் சொல்லாம கதையை மட்டும் சொல்லு கண்ணு, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே அனுமதி கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 52. நெஞ்சு வலிக்கும் பிரஷருக்கும் சேர்த்து நான்கு வருஷமாக மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு நாளும் தவறாது.

நடவு நேரம். மாத்திரை தீர்ந்துபோச்சு. போய் வாங்கினால் ஒரு நாள் கூலி போகும். அந்த மாதம் மகளுக்குப் பிரசவச் செலவு வேறு. "நெஞ்சு வலி வந்து மூணு வருஷமாச்சு, நல்லாத்தானே இருக்கேன், நடவு முடியட்டும்" என்று விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கூட இருந்தவர்கள் 108-க்குப் போன் போட்டார்கள். மாரடைப்பு. நல்ல வேளை, உயிர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு வயல் வேலைக்குப் போக முடியவில்லை.

இதில் என் தப்பும் இருக்கு. அதே வாரம் நான் அந்தக் குழுவுக்குப் போயிருந்தேன். தீர்மான நோட்டு, சேமிப்புக் கணக்கு, உள்கடன் வசூல், எல்லாவற்றையும் பார்த்து கையெழுத்துப் போட்டேன். அந்த அக்கா தவணையைச் சரியாகக் கட்டியிருந்தார். "சபாஷ் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். தவணை கட்டிய அந்தப் பணம் மாத்திரை வாங்கப் போக வேண்டிய பணம் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என்னிடம் சொன்னது இதுதான்: "மாத்திரையை நிறுத்தினா நோய் பழைய நிலைமைக்குத் திரும்பும்னுதான் எல்லாரும் நினைக்கறாங்க. இந்த மாத்திரை அப்படி இல்லம்மா. திடீர்னு நிறுத்தினா, மாத்திரையே ஆரம்பிக்காத நிலைமையைவிட மோசமாப் போகலாம். ஏன்னா இந்த நாலு வருஷத்துல உள்ளே ரிசெப்டார் எண்ணிக்கையே மாறியிருக்கும்."

ரிசெப்டார் என்றால் என்ன? அது எப்படி மாறும்? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்துகொண்ட பிறகு, இது ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டியது என்று தோன்றியது.

காது என்று சொன்னேனே, அது என்ன?

நம் உடம்பில் ரத்தம் ஓடும் குழாய்கள் தண்ணீர்க் குழாய் மாதிரி சும்மா கிடப்பவை இல்லை. அவற்றின் சுவரில் தசை இருக்கு. அந்தத் தசை இறுகினால் குழாய் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். தளர்ந்தால் குழாய் விரியும், அழுத்தம் இறங்கும். நாம் உட்கார்ந்தால், எழுந்தால், பயந்தால், தூங்கினால், ஒவ்வொரு நேரத்துக்கும் ஏற்ற மாதிரி குழாய் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

இப்போது இறுகு, இப்போது தளர் என்று அதற்கு யார் சொல்வது? ரத்தத்தில் ஓடும் சில ரசாயனங்களும் நரம்பு முனையில் சுரக்கும் சில ரசாயனங்களும் சொல்கின்றன. அவற்றைத் தூது என்று வைத்துக்கொள்வோம். தூது வந்தால் போதுமா? கேட்பதற்குக் காது வேண்டுமே. குழாயின் சுவரில் இருக்கிற ஒவ்வொரு செல்லிலும் மிக நுண்ணிய காதுகள் இருக்கின்றன. அவைதான் ரிசெப்டார். தமிழ்ப் புத்தகங்களில் ‘ஏற்பி’ என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தூதுக்கும் தனித்தனிக் காது. ஒன்றுக்கு உள்ள காதில் இன்னொன்று சொல்வது கேட்காது.

இதைக் கண்டுபிடித்தது நேற்று இன்றைக்கு இல்லை. 1905-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் லாங்லி என்ற விஞ்ஞானி, செல்லில் மருந்தை ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று சொன்னார். 1948-இல் அமெரிக்காவில் ஆல்குவிஸ்ட் என்பவர், அட்ரினலின் என்ற தூதைக் கேட்க ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைக் காது இருக்கிறது என்றார். ஆல்ஃபா காது கேட்டால் ரத்தக் குழாய் இறுகும். பீட்டா காது இதயத்தில் நிறைய இருக்கு. அது கேட்டால் இதயம் வேகமாக அடிக்கும். நாய் துரத்தினால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதே, அது அட்ரினலின் சொல்வதை இதயம் கேட்பதுதான்.

காது கூடும், குறையும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வர்றோம். நம் முகத்தில் இருக்கும் காது எப்போதும் இரண்டுதான். ரத்தக் குழாயின் காது அப்படி இல்லை. செல் அதைப் புதிதாகச் செய்துகொள்ளும். வேண்டாம் என்றால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தறி ஓடும் வீட்டைப் பார்த்திருப்பீங்க. அவ்வளவு சத்தத்திலும் தொட்டிலில் குழந்தை தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் குழந்தை விழித்துக்கொள்ளும். சத்தம் அதிகமானால் அதற்குப் பழகிக் கேட்பது குறைகிறது. சத்தம் நின்றால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கிறது. செல்லும் இப்படித்தான். ஒரு தூது எந்நேரமும் வந்து கத்திக்கொண்டே இருந்தால், செல் அந்தக் காதுகளைக் குறைக்கும். தூது வராமல் இருந்தாலோ, காதை அடைத்து வைத்தாலோ, எப்படியாவது கேட்க வேண்டும் என்று காதுகளைக் கூட்டும். பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. ஆனால் சில நேரம் இதுவே நமக்கு வினையாகவும் ஆகும். அதற்கு மூன்று உதாரணம் சொல்றேன். மூன்றும் நம் வீட்டில் நடப்பவை.

முதலாவது: உப்பும் வயதும்

ஆஞ்சியோடென்சின் என்று ஒரு தூது. பெயர் கொஞ்சம் கஷ்டம்தான். ரத்தக் குழாயைப் பார்த்து "இறுகு" என்று சொல்வது இதன் வேலை. இது கெட்டது இல்லை. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனாலோ, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றினாலோ, அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடாமல் காப்பாற்றுவது இந்தத் தூதுதான். நாம் இன்று உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் இதைக் கேட்கும் காது தேவைக்கு மேல் முளைத்தால் என்ன ஆகும்? தூது மெதுவாகச் சொன்னாலே குழாய் பலமாக இறுகும். 1990-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் எலிகளிலும், ரத்தக் குழாயிலிருந்து எடுத்த செல்களிலும் ஆய்வு செய்தார்கள். உப்பு அதிகமானபோது இந்தக் காதின் எண்ணிக்கை கூடியது. கெட்ட கொழுப்பு என்று சொல்கிறோமே, எல்.டி.எல்., அது கூடியபோதும் காது கூடியது. இன்னொன்றும் பார்த்தார்கள். சினைப்பையை எடுத்துவிட்ட பெண் எலிகளில் இந்தக் காது கூடியது. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது குறைந்தது.

ஈஸ்ட்ரோஜன் என்பது நமக்கு மாதவிலக்கு வரும் வயதில் சினைப்பையில் சுரப்பது. மாதவிலக்கு நின்ற பிறகு அது மிகவும் குறைந்துவிடும். "நாற்பத்தஞ்சு வயசு வரைக்கும் எனக்கு ஒரு நோயும் இல்ல, அதுக்கப்புறம் பிரஷர் வந்துடுச்சு" என்று எத்தனை அக்கா சொல்லியிருக்கீங்க! அதற்குப் பல காரணம் உண்டு. வயது, எடை, கவலை எல்லாம் சேரும். ஆனால் உள்ளே காதின் கணக்கு மாறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காக யாரும் கடையில் போய் ஹார்மோன் மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். அதில் வேறு ஆபத்து இருக்கு. மாதவிலக்கு நின்றுவிட்டதா, இனி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பிரஷர் பார்க்கணும். அதுதான் இதில் கற்க வேண்டிய பாடம்.

உப்புக்கு ஒரு கணக்குச் சொல்றேன். நாம் கணக்கில் கெட்டிக்காரிகள் ஆச்சே. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன். நான்கு பெரியவர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வரணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடையில் வாங்கும் மிக்சர், இவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். அப்போ பாக்கெட் 50 நாளைக்கு மேலேயே வரணும். இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். உங்க வீட்டில் எத்தனை நாள் வருது என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்க.

இரண்டாவது: கர்ப்ப காலம்

கர்ப்பமாக இருக்கும்போது உடம்பில் ரத்தத்தின் அளவு கூடும். அப்படியென்றால் அழுத்தமும் ஏற வேண்டுமே? நல்லபடியாக நடக்கும் கர்ப்பத்தில் ஏறாது. நடு மாதங்களில் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும். காரணம், கர்ப்பிணியின் ரத்தக் குழாய் ஆஞ்சியோடென்சின் சொல்வதைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளாது. "நீ கத்து, எனக்கு என் பிள்ளைக்கு ரத்தம் போறதுதான் முக்கியம்" என்கிற மாதிரி. எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்க.

1973-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் முதல் கர்ப்பமாக இருந்த பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். பிற்பாடு கர்ப்பகால ரத்த அழுத்தம் வந்த பெண்களுக்கு, அழுத்தம் ஏறுவதற்குப் பல வாரம் முன்பே அந்தக் காது மறுபடியும் கூர்மையாகியிருந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்கள் நன்றாகத்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மட்டும் மாற்றம் தொடங்கிவிட்டது.

2003-இல் இன்னொரு பெரிய விஷயம் தெரிந்தது. இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கு. சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர் அனந்த் கருமஞ்சி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தன் குழுவோடு சேர்ந்து கண்டுபிடித்தது அது. ரத்தக் குழாயின் உள் சுவரை நலமாக வைத்திருக்க ஒரு வளர்ச்சித் தூது உண்டு. அதைக் கேட்கும் காது சுவரில் பதிந்திருக்கும். கர்ப்பகால நஞ்சு என்று நம் ஊரில் சொல்கிறோமே, ப்ரீஎக்லாம்ப்சியா, அந்த நோயில் நச்சுக்கொடி இந்தக் காதைச் சுவரில் பதியாத வடிவத்தில் அளவுக்கு அதிகமாகச் செய்து தாயின் ரத்தத்தில் விட்டுவிடுகிறது. அந்த அறுந்த காதுகள் ரத்தத்தில் மிதந்துகொண்டே தூதை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. சுவருக்குத் தூது போய்ச் சேர்வதில்லை. தபால் முழுக்க நடுவழியில் யாரோ வாங்கிக்கொண்ட மாதிரி. சுவர் கெட்டுப்போகிறது, அழுத்தம் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. முற்றினால் வலிப்பு வரும். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து.

இந்த மிதக்கும் காதை அளந்து பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நமக்கு அதைவிட எளிய வழி கையிலேயே இருக்கு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தவறாமல் போவது. பிரஷரும் சிறுநீரும் பார்க்காமல் திரும்பி வராமல் இருப்பது. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது சாதாரணம் இல்லை. கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இதில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த ராத்திரியே போகணும். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம் வரை இது வரலாம்.

வீட்டில் பெரியவர்கள் "தலைப் பிள்ளைக்கு அப்படித்தான் கால் வீங்கும், சரியாப் போயிடும்" என்று சொல்வாங்க. அவங்க அன்பில்தான் சொல்றாங்க. ஆனால் வீக்கம் சாதாரணமா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரஷர் கருவிதான் சொல்லும்.

பிள்ளை பெற்று முப்பது வருஷம் ஆன அக்காக்களுக்கும் ஒரு கேள்வி. உங்களுக்குக் கர்ப்பத்தில் பிரஷர் இருந்ததா? இருந்திருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

மூன்றாவது: நிறுத்திய மாத்திரை

இப்போது அந்த அக்காவிடம் திரும்பி வருவோம்.

அவர் சாப்பிட்டது பீட்டா காதை அடைக்கும் மாத்திரை. ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி 1960-களில் இந்த வகை மருந்தைக் கொண்டுவந்தார். 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ப்ரோப்ரனலால், அட்டெனலால், மெட்டோப்ரோலால் என்று ‘லால்’ என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் இந்த வகை. எத்தனையோ லட்சம் உயிர்களைக் காப்பாற்றிய மருந்து. அட்ரினலின் கத்தினாலும் இதயத்துக்குக் கேட்காது. இதயம் அமைதியாக அடிக்கும். நெஞ்சு வலி வராது.

அந்த அக்காவின் இதயத்தில் நான்கு வருஷமாகக் காது அடைத்தே இருந்தது. நான் முன்னே சொன்னது ஞாபகம் இருக்கா? காதை அடைத்தால் செல் என்ன செய்யும்? கூடுதலாகக் காது முளைக்க வைக்கும். மாத்திரை தினமும் போய்க்கொண்டிருந்த வரைக்கும் புதுக் காதுகளும் அடைபட்டே இருந்தன. ஒரு தொந்தரவும் இல்லை. திடீரென்று மாத்திரை நின்றது. எல்லாக் காதும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. முன்பு இருந்ததைவிட அதிகக் காது. அதே நடவு, அதே வெயில், அதே அட்ரினலின். ஆனால் இதயத்துக்கு அது பல மடங்காகக் கேட்டது. அந்த வேகத்தை, ஏற்கெனவே அடைப்பு இருந்த குழாயால் தாங்க முடியவில்லை.

"உடம்பு நல்லா இருந்துச்சே" என்றார் அக்கா. நல்லா இருந்ததற்குக் காரணமே அந்த மாத்திரைதான்.

எல்லாருக்கும் இப்படி மாரடைப்பு வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. இதயக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆனால் நமக்கு உள்ளே அடைப்பு இருக்கா இல்லையா என்று நமக்குத் தெரியாதே. இந்த மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் முடிவு செய்தாலும் ஒரே நாளில் நிறுத்த மாட்டார். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்துவார். கூடுதலாக முளைத்த காதுகள் குறைவதற்கு அவகாசம் வேண்டும் என்பதற்காக.

மாத்திரைகள் எல்லாம் ஒன்றா?

இல்லை. லோசார்டான், டெல்மிசார்டான் என்று ‘சார்டான்’ என்று முடிபவை ஆஞ்சியோடென்சின் காதை அடைப்பவை. எனலாப்ரில், ராமிப்ரில் என்று ‘ப்ரில்’ என்று முடிபவை அந்தத் தூது உருவாவதையே குறைப்பவை. அம்லோடிபின் வேறு வழியில் குழாயின் தசையைத் தளர்த்துவது. எல்லாவற்றையும் "பிரஷர் மாத்திரை" என்று ஒரே பெயரில் சொல்கிறோம். வேலை வேறு வேறு.

ஒரு எச்சரிக்கை. சார்டான், ப்ரில் வகை மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. வயிற்றில் இருக்கும் பிள்ளையின் சிறுநீரகம் கெடும். இந்தக் காலத்தில் முப்பது வயதுப் பெண்களுக்கே பிரஷர் வருது. மாத்திரை சாப்பிடும் பெண், பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்னாடியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாள் தள்ளிப்போனால் அன்றைக்கே போய்ச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய வேறு மாத்திரைகள் இருக்கின்றன. மாற்றிக் கொடுப்பார்கள். தானாக நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பதும் தப்பு.

உறுப்பினர்கள் கேட்டவை

பேச்சு முடிந்ததும் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளில் மூன்றை இங்கே தருகிறோம்.

கேள்வி: பிரஷர் இருந்தா தலை சுத்தும், மயக்கம் வரும்னு சொல்றாங்க. எனக்கு அப்படி எதுவும் இல்லையே. நான் ஏன் பார்க்கணும்?

பதில்: பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காதுங்க அக்கா. உலகத்தில் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கிட்டத்தட்ட பாதிப் பேர். காது கூடுவதும் குறைவதும் நமக்குத் தெரியாது. அளந்தால்தான் தெரியும். அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, டீ, புகையிலை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் பார்க்கணும்.

கேள்வி: மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டா பழக்கமாயிடுமே? சாராயம் மாதிரி விட முடியாமப் போயிடாதா?

பதில்: இல்லைங்கம்மா. சாராயத்துக்கு மனசு ஏங்கும். இந்த மாத்திரைக்கு யாரும் ஏங்குவதில்லை, மறந்துதான் போகிறோம்! ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் அதை மட்டும் சாப்பிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. உப்பு குறைந்து, எடை குறைந்து, பிரஷர் நல்ல அளவில் இருந்தால் டாக்டரே அளவைக் குறைக்கலாம். குறைப்பது அவர் முடிவாக இருக்கட்டும். கடுமையான வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் மட்டும் தாமதிக்காமல் போய், மாத்திரையை என்ன செய்வது என்று கேளுங்கள்.

கேள்வி: எனக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு. பக்கத்து வீட்டு அக்காவும் பிரஷர் மாத்திரைதான் சாப்பிடறாங்க. நாலு நாளைக்குக் கடனா வாங்கிக்கலாமா?

பதில்: சர்க்கரை, காபித்தூள் கடன் வாங்குவோம். மாத்திரை கடன் வேண்டாம். அவர் மாத்திரை அடைப்பது வேறு காதாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் ‘லால்’ மாத்திரையைத் தெரியாமல் சாப்பிட்டால் மூச்சுத் திணறல் வரும். கடன் வேண்டுமானால் போய் வருவதற்குப் பஸ் காசைக் கடன் வாங்குங்கள்.

குழுவாக நாம் என்ன செய்யலாம்?

தனி ஒருத்தியாக இருந்தபோது வங்கி வாசலில் நம்மை நிற்க விட்டதில்லை. பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் சேர்ந்த பிறகுதான் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உடம்பு விஷயத்தையும் தனி ஒருத்தியாகப் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டபோது, வீடு வீடாகப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்களை நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்களிலிருந்துதான் எடுத்தார்கள். இந்த வேலையைப் பெண்கள் செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நம்மிடம் செய்யச் சொல்லி அன்றைய கூட்டத்தில் முடிவு செய்தது இவ்வளவுதான்:

1. ஒவ்வொரு குழுவும் மாதம் ஒரு கூட்டத்தில், நர்ஸ் அல்லது பயிற்சி பெற்ற தன்னார்வலரை அழைத்து எல்லா உறுப்பினருக்கும் பிரஷர் பார்க்க வேண்டும். எண்ணை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். சத்தம் போட்டு வாசிக்க வேண்டாம். அது அவரவர் சொந்த விஷயம்.

2. தவணை வசூலுக்கு முன்னால் ஊக்குநர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "யாருக்காவது மாத்திரை தீரப் போகுதா?" இன்னும் பத்து நாளைக்கு இல்லாதவர்கள் ஊக்குநரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

3. மாத்திரை வாங்கப் போகும் உறுப்பினருக்குப் பஸ் செலவோ கூலி இழப்போ தடையாக இருந்தால், குழு நிதியிலிருந்து அன்றைக்கே சிறு கடன் தரலாம். இதற்கு வட்டி வேண்டாம் என்று குழுக்கள் தீர்மானம் போட்டால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

4. ஒரே ஊர்க்காரர்கள் முறை போட்டுக்கொண்டு துணைக்குப் போகலாம். யார் யார் என்றைக்கு என்று நோட்டில் குறித்துக்கொள்ளலாம்.

5. குழுவில், உறவில், தெருவில் கர்ப்பிணி இருந்தால், போன பரிசோதனையில் பிரஷர் எவ்வளவு என்று கேளுங்கள். "தெரியல" என்று சொன்னால் அடுத்த முறை கூடவே போங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த அக்கா இன்றைக்கும் நம் குழுவில்தான் இருக்கிறார். வயலுக்குப் போகவில்லை, வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறார். போன வாரம் அவரிடம், "இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லப் போறேன், நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். "அன்னைக்கு நீ தவணை கட்டியாச்சான்னு கேட்ட பாரு, அதோட மாத்திரை இருக்கான்னும் கேட்டிருந்தா, இல்லன்னு சொல்லியிருப்பேன் கண்ணு. நானா வாயைத் திறந்து சொல்றதுக்குத்தான் வெட்கமா இருந்துச்சு" என்றார்.

அதனால் இனிமேல் நான் கேட்பேன். நீங்களும் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள்.